பயம் என்றால் என்னவென்று நான் பாடம் எடுத்த கதை

இரண்டரை வயதுக் குழந்தைக்கு அடுத்தவரின் மனநிலை புரியாது, அதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று யாராவது என்னிடம் சொன்னால், அவரைத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க எனக்குக் கை துறுதுறுக்கிறது. (கேள்வி கேட்கக் கை எதற்கு என்று கேட்காதீர்கள். கோபத்தில் இருக்கிறேன்.) அப்படிச் சொன்னவர்களை நம்பி, அதற்கென்று ஒரு படிப்பும் படித்து, சான்றிதழும் வாங்கி, கடைசியில் ஒரு அறை நிறையப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க நான் பட்ட அவமானம் இருக்கிறதே, அது என் வம்சத்தில் யாரும் படாதது.

அந்தச் சம்பவத்தை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் குழந்தைகளைத் துரத்தினேன் என்கிறார்கள். கையில் கத்தி வைத்திருந்தேன் என்று புத்தலப்பட்டு வரைக்கும் பேச்சு போயிருக்கிறது. நான் வைத்திருந்தது பிரஷ். பிள்ளைகள் படத்துக்கு வர்ணம் அடிக்கும் மெல்லிய பிரஷ். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் தாமோதரன். ஊர் குடிபாலா. எங்கள் வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. டிகிரி முடித்த கையோடு என் சிநேகிதர்கள் எல்லாம் போலீஸ் பரீட்சைக்கும் கம்பெனி வேலைக்கும் ஓட, நான் மட்டும் மழலையர் கல்வி டிப்ளமாவில் சேர்ந்தேன். வகுப்பில் நான் ஒருவன்தான் ஆண். ஏன் சேர்ந்தாய் என்று கேட்காதவர் இல்லை. எனக்குச் சின்னப் பிள்ளைகளைப் பிடிக்கும், அவ்வளவுதான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மாடு பிடிக்கும் என்று மாடு வாங்குகிறவனை ஊரில் ஒருத்தரும் மேலும் கீழும் பார்ப்பது கிடையாது.

"ஆம்பள புள்ள, பொம்ம வச்சிகினு ஆட்டம் காட்டறதுக்கா டிகிரி படிச்ச?" என்று நைனா கேட்டார். "கொழந்திங்களுக்கு மூக்கு தொடைக்கறதுக்கு சர்டிபிகேட்டு வேற குடுக்கறானுங்களா?"

"குடுக்கறாங்க நைனா" என்று நான் அதை எடுத்துக் காட்டினேன். முன்னாலும் பின்னாலும் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தாலும் பரவாயில்லை.

ஒருவழியாகத் திருப்பதியில் ஒரு பிளே ஸ்கூலில் வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். நடத்துபவர் சுனிதா மேடம். நல்ல மனுஷி. ஆனால் ஆண் டீச்சர் என்றால் தாய்மார்கள் என்ன சொல்வார்களோ என்ற கவலை அவருக்கு ஓயவே இல்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பெற்றோரை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர்கள் முன்னால் நான் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். அது நன்றாக நடந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நன்றி, வணக்கம். (என்னோடு சேர்ந்த இரண்டு பெண் டீச்சர்களுக்கு இந்தப் பரீட்சை கிடையாது. இதை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். பல்லை இளித்துக்கொண்டு தலையாட்டினேன்.)

இதே சமயம் பார்த்து நகரியில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். பெண் பெயர் பிரியா. அவளுக்கும் சரி, எனக்கும் சரி. அவளுடைய அப்பா ஏகாம்பரத்துக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "வேல பெர்மனென்ட்டு ஆவட்டும், அப்பால தட்டு மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டார். ஆக, அந்த ஒரு வகுப்பில் என் வேலையும் கல்யாணமும் சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தன.

என்ன பாடம் எடுப்பது என்று நான் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. டிப்ளமாவில் எங்களுக்கு மந்திரம் மாதிரி ஓதியிருந்தார்கள், உணர்ச்சிகளை விளையாட்டு மூலம் சொல்லிக்கொடு என்று. சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோப முகம், பயந்த முகம் என்று அட்டைகள் செய். குழந்தையின் முகத்திலேயே வர்ணம் தீட்டி, கண்ணாடியில் காட்டி, இது என்ன என்று கேள். இதில் எனக்கு ஒரு கூடுதல் வசதியும் இருந்தது. கோபம், பயம், சந்தோஷம் மூன்றும் தமிழுக்கும் தெலுங்குக்கும் ஒரே சொற்கள். எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் தமிழ், பாதி தெலுங்கு. ஒரே பாடத்தில் இரண்டு பேரையும் மடக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து அன்று எனக்கே பெருமையாக இருந்தது.

முதல் பிரச்சினை வர்ணத்தில் வந்தது. முகத்தில் பூசுகிற பெயிண்ட் வாங்கலாமா என்று பெற்றோர் குரூப்பில் கேட்டேன். கெமிக்கல் வேண்டாம், அலர்ஜி ஆகும், எங்கள் பாப்பாவுக்கு மென்மையான தோல் என்று அடுத்த நிமிஷமே சரமாரியாக வந்து விழுந்தது. (இதே பாப்பாக்கள் மதிய இடைவேளையில் மண்ணைத் தின்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.) சரி, இயற்கையாகவே போவோம் என்று முடிவு செய்தேன். சந்தோஷ முகத்துக்கு மஞ்சள் நிறம் வேண்டும். மஞ்சளுக்குச் சந்தனம். கோபத்துக்குக் குங்குமம். இதைவிட இயற்கை உண்டா? குரூப்பில் ஏகப்பட்ட கைகூப்பு வந்தது.

இரண்டாவது, என்னை எப்படிக் கூப்பிடுவது என்பது. சார் என்றால் பிள்ளைகள் மிரள்கிறார்கள். அண்ணா என்று கூப்பிட என் மீசை இடம் கொடுக்கவில்லை. குழந்தைக்கு நெருக்கமான உறவாக இருங்கள் என்று டிப்ளமாவில் சொன்னது நினைவுக்கு வந்தது. தமிழ் வீட்டிலும் தெலுங்கு வீட்டிலும் குழந்தைக்கு எல்லாரையும்விட நெருக்கமான ஆண் யார்? தாய்மாமன்தான். ஆகவே, "இன்னிலேர்ந்து நான் உங்களுக்கு மாமா" என்று அறிவித்தேன். பிள்ளைகளும் மாமா, மாமா என்று காலைக் கட்டிக்கொண்டார்கள். அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் கோடை விடுமுறை வந்தால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு திருப்பதி மலைக்குப் போய் முடி இறக்கிவிட்டு வருவது வழக்கம். தாய்மாமன் வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது என் வகுப்பில் எங்கே பார்த்தாலும் மொட்டைத் தலைகள். சில தலைகளில் முளைவிட ஆரம்பித்திருந்தது. சிலவற்றில் சந்தன வாசனையே இன்னும் போகவில்லை. இதைப் பார்த்து எனக்குள் ஒரு சின்ன எச்சரிக்கை மணியாவது அடித்திருக்க வேண்டுமா இல்லையா? எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். முடி நெற்றியில் விழாது, வர்ணம் தீட்ட வசதியாக இருக்கும்.

அதைவிடக் கொடுமை, அதற்கு முந்தின மாதம்தான் என் அக்கா ரேவதியின் மகள் தன்யாவுக்கு நானே தாய்மாமனாக மடியில் வைத்து முடி இறக்கிவிட்டு வந்திருந்தேன். அன்றிலிருந்து அவள் என்னைக் கண்டாலே சமையலறைக்குள் ஓடிவிடுவாள். நான் அக்காவிடம் கோபித்துக்கொண்டேன்.

"எம்மேல இன்னா கோவம் அவளுக்கு? பொம்ம கூட வாங்கியாந்து குடுத்தனே."

"போவப் போவ சரியாப் பூடும்டா" என்றாள் அக்கா. "நீ மொதல்ல போய் ஊரு கொழந்திங்களுக்குப் பாடம் சொல்லு."

அந்த நாளும் வந்தது. விசேஷ நாள் என்றால் பாரம்பரிய உடை என்பது மேடத்தின் சட்டம். நான் கரை வைத்த வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டுக்கொண்டு போனேன். ஆயாம்மா ஈஸ்வரம்மா, பங்காருபாளையத்துக்காரம்மா, எனக்கு உதவியாக இருந்தார். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவாருங்கள் என்றேன். நாலு பேர் வருகிற இடம், கிண்ணம் நன்றாக இருக்காது என்று பித்தளைச் சொம்பைத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தார். சந்தனத்தையும் குங்குமத்தையும் ஒரு தட்டில் வைத்தார். நல்ல காரியம் என்று நான் கேட்காமலே ஊதுபத்தியும் கொளுத்தி வைத்தார். அறை மணத்தது.

பெற்றோர் சுவர் ஓரமாக நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிமிர்ந்தால், நடுவில் ஏகாம்பரம் உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளை வேலை செய்கிற இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் நகரியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். யாரோ ஒரு குழந்தையின் தாத்தா என்று நினைத்து மேடம் அவருக்குக் காபி கொடுத்து முன்னாலேயே உட்கார வைத்துவிட்டார். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிள்ளைகள் அரை வட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். நான் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முதலில் யாரைக் கூப்பிடுவது? என்னிடம் ரொம்ப ஒட்டுதலாக இருந்தவன் ஜஸ்வந்த். புது மொட்டை. அவனைக் கூப்பிட்டேன்.

"வாடா கண்ணு, மாமா மடியில வந்து உக்காரு."

வந்தான். வழக்கமாகக் குதித்துக்கொண்டு வருகிறவன் அன்று மெதுவாக வந்தான். கண் என்மேல் இல்லை, சொம்பின்மேல் இருந்தது. கூச்சப்படுகிறான் என்று பெற்றோரிடம் விளக்கினேன். அவனை மடியில் உட்கார வைத்தேன். சட்டையில் கறை படக்கூடாதே என்று என் தோளிலிருந்த துண்டை எடுத்து அவன் கழுத்தைச் சுற்றிக் கட்டினேன். அவன் உடம்பு விறைத்தது. ஒரு கையில் பிரஷை எடுத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துவிட்டு வர்ணம் தீட்டலாம் என்று மற்றக் கையைச் சொம்புத் தண்ணீரில் நனைத்தேன். ஈரக் கையை அவன் உச்சந்தலையில் வைத்துத் தடவிக்கொண்டே, என்னால் முடிந்த அளவு அன்பான குரலில் சொன்னேன்.

"ஒண்ணும் இல்ல கண்ணு. சும்மா தண்ணிதான்."

(தெலுங்குப் பிள்ளைகளுக்கு ஓரவஞ்சனை செய்யக்கூடாது என்று அதையே தெலுங்கிலும் ஒரு தடவை சொன்னேன்.)

ஜஸ்வந்த் போட்ட சத்தம் தெருமுனை பேக்கரி வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். "வத்து மாமா, வத்து" என்று அலறினான். வத்து என்றால் தெலுங்கில் வேண்டாம். அடுத்த நொடி மொட்டைத் தலைகள் அத்தனையும் அலறின. முடி வளர ஆரம்பித்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாக ஞாபகம் வந்தது, ஆனால் வந்தபிறகு அவர்கள் சத்தம்தான் பெரிதாக இருந்தது. இன்னும் முடியே இறக்காத பிள்ளைகள், எல்லாரும் அழுகிறார்களே என்று அழுதார்கள். ஒருத்தி திரைச்சீலைக்குள் சுருண்டுகொண்டாள். ஒருத்தன் பொம்மை அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து மாட்டிக்கொண்டான். ஜஸ்வந்த் கழுத்தில் துண்டோடு என் மடியிலிருந்து வழுக்கி, தவழ்ந்தே போய், ஏகாம்பரத்தின் வேட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டான். எல்லாப் பிள்ளைகளும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

இந்த நேரத்தில் புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான்? சொம்பைத் தூக்கி வெளியே வைப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? குழந்தைக்கு ஓர் உணர்ச்சி வரும்போதே அதன் பெயரைச் சொல்லிவிட வேண்டும், அதுதான் பொன்னான தருணம் என்று எங்களுக்கு டிப்ளமாவில் சொல்லியிருந்தார்கள். அந்தப் படிப்பு என் மூளைக்குள் அப்படி ஏறியிருந்தது. நான் எழுந்து நின்று, பயந்த முகம் வரைந்த அட்டையை உயர்த்திப் பிடித்து, அந்தக் கூச்சலுக்கு மேலே உரக்கச் சொன்னேன்.

"பாத்தீங்களா செல்லங்களா, இதுதான் பயம். எல்லாரும் மாமாகூட சேர்ந்து சொல்லுங்க. ப... ய... ம்."

ஒரு குழந்தைகூடச் சொல்லவில்லை. ஒரு அப்பா செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் நான் அட்டையோடு நிற்பதும், பின்னால் ஊதுபத்தி புகைவதும் துல்லியமாக விழுந்திருக்கிறது. இன்றைக்கும் யாராவது எனக்கே அதை அனுப்பி, பார்த்தீர்களா, நல்ல காமெடி என்கிறார்கள்.

ஓர் இளம் தாய் தன் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் என்னிடம் வந்தார்.

"கத்தி ஒக்கட்டே தக்குவ சார்" என்றார். கத்தி ஒன்றுதான் குறை.

அப்போதுதான் நான் குனிந்து பார்த்தேன். கரை வேட்டி. துண்டு. சொம்புத் தண்ணீர். சந்தனம். மாமா மடி. ஒண்ணும் இல்ல கண்ணு, சும்மா தண்ணிதான். போன மாதம் மலையில் தன்யாவிடம் நான் சொன்னதும் எழுத்து பிசகாமல் அதேதான். என் அக்கா மகள் என்னைக் கண்டால் ஏன் ஓடுகிறாள் என்பது, ஒரு பள்ளிக்கூடத்தையே அழவைத்த பிறகு எனக்கு விளங்கியது.

எனக்கு வந்த ஆத்திரம் ஈஸ்வரம்மா மேல். "ஏம்மா, இத்தனையும் தட்டுல வச்சிகினு வந்தீங்களே, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன்.

"நீ மொட்டதான் அடிக்கப்போறன்னு நெனச்சேன் சார்" என்றார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "இப்பல்லாம் ஸ்கூல்லயே எல்லாத்தையும் செஞ்சிடறாங்களே. நாவிதர் அப்பால வருவாருன்னு பாத்துகினு இருந்தேன்."

ஏகாம்பரம் மெதுவாக எழுந்தார். தன் வேட்டியைப் பிடித்திருந்த ஜஸ்வந்தின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, அவனை அவன் அம்மாவிடம் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பெர்மனென்ட்டு ஆனா ஒரு போன் பண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். மாப்பிள்ளை என்ற சொல் அதில் இல்லை என்பதை நான் கவனித்தேன்.

மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் பேசுவது தெலுங்கு. அதைத் தமிழில் தருகிறேன். "தாமு காரு, இன்றைக்குப் பாடம் பயம் என்றால், பிள்ளைகள் ரொம்ப நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்" என்றார். "உங்களை அனுப்ப எனக்கு மனசில்லை. ஆனால் உங்களைப் பார்த்தாலே அழுகிற பிள்ளைகளுக்கு உங்களை எப்படி டீச்சராக வைப்பது? திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம். பிள்ளைகள் தாங்களாக உங்களிடம் வந்தால் வேலை உங்களுக்கு. வராவிட்டால் நீங்களே புரிந்துகொள்ளுங்கள்."

அந்த வாரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று இப்போது நினைத்தாலும் எரிகிறது. நான் வகுப்புக்குள் நுழைந்தால் அத்தனை கைகளும் தலைக்குப் போகும். ராணுவத்தில் கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்யமாட்டார்கள். பிஸ்கட் நீட்டினால் ஒரு கையால் வாங்குவார்கள், இன்னொரு கை தலையிலேயே இருக்கும். பலூன் ஊதிக் கொடுத்தேன். பூனை மாதிரி கத்திக் காட்டினேன். மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன், ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு போன ஒரு பொடியன் என்னைக் கண்டதும் ஹேண்டிலை விட்டுவிட்டுத் தலையைப் பொத்தினான். அவன் அப்பா என்னை முறைத்துவிட்டுப் போனார். நான் என்ன செய்தேன்? கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மீசையால் மிரள்கிறார்களோ என்று அதையும் எடுத்துப் பார்த்தேன். மேலுதட்டில் பிளேடு கீறிய காயத்தோடு மொட்டைப் பிள்ளைகள் முன்னால் போய் நிற்பது எப்படி இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அன்று சத்தம் முன்னைவிடக் கூடுதல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜஸ்வந்த் கேட் பக்கத்தில் தன் அம்மாவுக்காகக் காத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கைகள் தலைக்குப் போயின. ஆனால் அழவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அவன் பார்த்தது என் தலைமுடியை. எண்ணெய் தடவி வாரி, காற்றில் கலையாமல் படிந்திருந்த என் முடியைப் பார்த்தான். பிறகு தன் மொட்டையைத் தடவிக்கொண்டான். மறுபடியும் என் முடியைப் பார்த்தான்.

அதில் இருந்தது பயம் இல்லை. பச்சையான கோபம். அது நியாயமான கோபம் என்பது எனக்கு அங்கேயே உறைத்தது. எங்கள் முடியை எடுக்கச் சொம்போடு வந்தாயே, உன் முடி மட்டும் அப்படியே இருக்கிறதே என்று அந்தப் பொடியன் கண்ணாலேயே கேட்டான்.

சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் மலைக்கு பஸ் ஏறினேன். வரிசையில் நின்று போய் உட்கார்ந்தேன். என்னை மடியில் வைத்துக்கொள்ள மாமன் யாரும் வரவில்லை. குளிர்ந்த தண்ணீர் தலையில் விழுந்து முதுகுக்குள் ஓடியது. என் பிடரியில் ஒரு கை அழுந்தியது.

"தலைய குனி சாமி. ஒண்ணும் இல்ல, தண்ணிதான்."

எனக்கு வயது என்ன, வளர்த்தி என்ன. ஆனாலும் அந்தக் கத்தியின் சரசரப்பு காதுப் பக்கம் வந்தபோது தோள்களைக் குறுக்கிக்கொண்டேன். நிஜமாகவே பயந்தேன். தன்யா அன்று என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. பயத்துக்குப் பற்றிக்கொள்ள அவளுக்கு நான் ஒருவன்தான் இருந்தேன். நான்தான் அவள் அசையாமல் அவளைப் பிடித்து வைத்திருந்தேன். ஒண்ணும் இல்ல என்ற இந்த வார்த்தையை முதன்முதலில் குழந்தையிடம் சொன்ன ஆள் யாரென்று தெரிந்தால் நான் அவனைச் சும்மா விடமாட்டேன். ஏதோ இருக்கிறது என்று குழந்தைக்கு நன்றாகவே தெரியும்.

திங்கட்கிழமை மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். வழக்கம்போலக் கைகள் பாதித் தூரம் உயர்ந்தன. அப்படியே நின்றன. நான் ஓர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். வாசலில் மேடம் வந்து நின்றதைப் பார்த்தேன்.

ஜஸ்வந்த்தான் முதலில் எழுந்து வந்தான். என்னைச் சுற்றி ஒரு சுற்று வந்தான். ஒரு விரலால் என் தலையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு என் முன்னால் வந்து நின்று முகத்துக்கு நேராகக் கேட்டான்.

"மாமா, பயம்?"

"ஆமாண்டா" என்றேன்.

"ஏட்சாவா?" அழுதாயா என்று கேட்கிறான்.

"கொஞ்சம்."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எக்கி, அடிபட்ட இடத்தில் ஊதுவது போல என் மொட்டையில் உஃப், உஃப் என்று ஊதினான். அவ்வளவுதான், மற்றதுகளும் எழுந்து வந்தன. ஒருத்தி தடவினாள், ஒருத்தன் முத்தம் கொடுத்தான், எல்லாரும் ஊதினார்கள். என் தலை முழுக்க எச்சில். அட்டை இல்லை, வர்ணம் இல்லை, கண்ணாடி இல்லை. நான் அழுதேன் என்று மேடம் இன்றும் சொல்கிறார். சந்தனம் கண்ணில் வழிந்தது என்று நானும் இன்றும் சொல்கிறேன்.

"வேலை உங்களுக்குத்தான்" என்றார் மேடம். "ஆனால் இனிமேல் இந்தப் பள்ளிக்குள் சொம்பு வரக்கூடாது."

உடனே ஏகாம்பரத்துக்குப் போன் செய்தேன். நல்ல சேதிதான் சொல்கிறோம், இரண்டு மாதத்தில் முடி வளர்ந்துவிடும், பிறகு நிச்சயதார்த்தம் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

"அப்பிடின்னா வர்ற புதன்கிழமையே வச்சிக்கலாம் மாப்ள" என்றார் அவர். "நல்ல நாளு. அத வுட்டா ஆடி பொறந்துடும்."

ஆகவே எங்கள் நிச்சயதார்த்தப் போட்டோவில் பட்டுப்புடவையும் பூவுமாகப் பிரியா நிற்கிறாள், பக்கத்தில் விளக்கு வெளிச்சம் தலையில் பட்டுத் தெறிக்க, மீசையும் இல்லாமல் நான் நிற்கிறேன். அந்தப் போட்டோவைக் கழற்றச் சொல்லி நான் கேட்காத நாள் இல்லை. அது ஹாலில் கதவுக்கு நேராகத்தான் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் இது யார் என்று கேட்கிறார்கள். பிரியா கதையை ஆரம்பித்துவிடுகிறாள். தன்யா இப்போது பள்ளிக்கூடம் போகிற பெரிய பெண். நான் வீட்டில் குரலை உயர்த்தினால் போதும், அவள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொள்கிறாள். அதைப் பார்த்து அக்கா பொத்திக்கொள்கிறாள். போன பொங்கலுக்கு நைனாவும் பொத்திக்கொண்டார். அவருக்குப் பொத்துவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

இப்போது எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், அடுத்த வாரம் என் மகள் மோக்ஷிக்கு மலையில் முடி இறக்கப்போகிறார்கள். பிரியாவின் தம்பிதான் தாய்மாமன், அவன் மடியில்தான் உட்கார வேண்டும். அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் ஏகாம்பரம் இன்று வந்து, எல்லார் முன்னாலும், "நீ கீழ பஸ் ஸ்டாண்டுலயே இரு மாப்ள, மேல மத்த கொழந்திங்கல்லாம் வரும்" என்று சொல்லிவிட்டார். பெற்ற தகப்பனைப் பார்த்து. எல்லாரும் சிரித்தார்கள். நான் சாப்பிடாமல் எழுந்து வந்து இந்த மேஜை முன்னால் உட்கார்ந்தேன்.

"உங்க நைனா கோவமா கீறாரு, போய் இன்னான்னு பாரு" என்று பிரியா மகளை அனுப்பியிருக்கிறாள். மோக்ஷி வந்து என் முழங்காலில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கையாலும் என் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள்.

"நைனாக்குக் கோவம் இல்ல" என்றாள். "பயம்."

பிறகு என் தலையில் உஃப் என்று ஊதிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். இந்த வீட்டில் சான்றிதழ் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிக்கொள்கிறேன்.